தலைமேல் ஒரு துணி

வீராம்பட்டினத்துத் தேரை நேரில் பார்த்தவர்களுக்கு மதச்சார்பின்மை என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு எவ்வளவு விளக்கினாலும் அது கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும்.

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பத்தைத் தாண்டிக் கடலோரமாக இருக்கும் மீனவர் ஊர் அது. அங்கே செங்கழுநீர் அம்மன் கோயில். வலையில் வந்து சிக்கிய ஒரு மரக்கட்டைதான் அம்மனாயிற்று என்று ஊரார் சொல்வார்கள். ஆடி ஐந்தாம் வெள்ளியன்று தேர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் கவர்னர் வந்து வடத்தைத் தொட்ட பிறகுதான் தேர் நகரும். இத்தனைக்கும் அதே பிரெஞ்சுக்காரர்கள்தாம் 1748-ல், டூப்ளே காலத்தில், வேதபுரீசுவரர் கோயிலை இடித்துத் தள்ளினார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அந்த வயிற்றெரிச்சலை இன்றும் படிக்கலாம். மதத்துக்கும் அரசுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று 1905-ல் பாரிஸில் சட்டம் செய்தவர்களும் அவர்களே. அந்தக் குடியரசின் பிரதிநிதி, இங்கே ஆடி வெயிலில் வியர்க்க விறுவிறுக்க அம்மன் தேர் வடத்தைப் பிடித்தார். 1954 நவம்பர் 1-ஆம் தேதி அவர்கள் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். வழக்கம் மட்டும் கப்பலேறவில்லை. இப்போது துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வந்து வடம் பிடிக்கிறார்கள். யாரும் இதைத் தப்பென்று சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை.

நம் நாட்டில் அரசு நடத்துகிறவர்களின் தலையைக் கவனித்துப் பாருங்கள். கோயிலுக்குப் போனால் பரிவட்டம் கட்டுகிறார்கள். நோன்புக் கஞ்சிக்குப் போனால் குல்லாய் வைக்கிறார்கள். குருத்வாராவுக்குப் போனால் தலையில் துணி கட்டிக்கொள்ளாமல் உள்ளே நுழைய முடியாது, கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது. மதச்சார்பற்ற நாட்டின் தலைவர் எல்லா மதத்தையும் மதிக்கிறார் என்று நாமும் மகிழ்ந்து போகிறோம். தமிழில் 'குல்லாய் போடுவது' என்பதற்கு இன்னோர் அர்த்தமும் உண்டு என்பதை நான் இங்கே ஞாபகப்படுத்தப் போவதில்லை. ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அரை மணி நேரத்துக்கு, படத்துக்காகத் தலையில் வைத்துக்கொண்ட துணி மதச்சார்பின்மை ஆகிறது. உண்மையாகவே நம்பி நாள் முழுவதும் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் துணி மட்டும் எப்படி அதற்கு விரோதமாகிறது?

இந்தக் கேள்வி எனக்கு எங்கோ தூர தேசத்துச் செய்தியைப் படித்து வந்ததல்ல. 2022 பிப்ரவரியில், வீராம்பட்டினத்துக்கு ஒரு நடை தூரத்தில், அரியாங்குப்பம் அரசுப் பள்ளியில், ஒரு மாணவி தலைத்துணியோடு வகுப்புக்கு வருவதை ஆட்சேபித்தார்கள் என்று புகார் கிளம்பியது. மாணவர் அமைப்புகள் மனுக் கொடுத்தன. கல்வித் துறை விசாரணைக்கு உத்தரவிட்டது. புதுச்சேரிக்காரர்களுக்கு இது பெரிய ஆச்சரியம். எத்தனையோ வருஷமாகப் போட்டுக்கொண்டு வந்ததுதானே, இப்போது என்ன வந்தது என்றுதான் தெருவில் பேசிக்கொண்டார்கள். வந்தது உடுப்பியிலிருந்து. அங்கே ஓர் அரசு மகளிர் கல்லூரியில் சில மாணவிகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியதில் ஆரம்பித்து, கர்நாடகம் முழுவதும் தீப்பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. காவித் துண்டு போட்ட பையன்கள் ஒரு பக்கம், கறுப்பு அங்கி போட்ட பெண்கள் ஒரு பக்கம். பிப்ரவரி 5-ஆம் தேதி கர்நாடக சர்க்கார் சீருடை பற்றி ஓர் ஆணை போட்டது. மார்ச் 15-ஆம் தேதி உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அந்த ஆணை செல்லும் என்றார்கள். தலைத்துணி இஸ்லாத்தின் இன்றியமையாத பழக்கம் அல்ல என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானது.

இன்றியமையாத பழக்கம் எது என்று கோர்ட்டு பார்த்துச் சொல்லும் இந்த வழக்கத்துக்கு ஒரு வேடிக்கையான பூர்வீகம் உண்டு. 1954-ல் சென்னை அறநிலையத் துறைக்கும் ஒரு மடாதிபதிக்கும் நடந்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் முதன்முதலாக அந்த வார்த்தையைத் தூக்கி வைத்தது. அந்த மடம் சிரூர் மடம். உடுப்பியின் அஷ்ட மடங்களில் ஒன்று. தென்கன்னடம் அப்போது சென்னை ராஜ்யத்தோடு இருந்து, சிறிது காலம் முன்னதாகத்தான் வழக்கு கிளம்பியிருந்தது. அன்று மடத்துக்குக் கேடயமாக இருந்த சொல், 68 வருஷம் கழித்து அதே உடுப்பிப் பெண்களின் தலையில் வந்து இறங்கியது. இந்தச் சொல்லில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே மனம் ஒட்டவில்லை. 'இது உன் மதத்துக்கு இன்றியமையாததா?' என்று வேத விற்பன்னர்களையும் மௌல்விகளையும் கேட்கிறார்கள். 'இது உனக்கு இன்றியமையாததா, அம்மா?' என்று அந்தப் பெண்ணை யாரும் கேட்பதில்லை. சுதந்திரம் மதத்துக்கா, மனுஷிக்கா?

இதைக் கேட்ட நீதிபதியும் ஒருவர் இருந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அதே ஆண்டு அக்டோபர் 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தபோது, இருவரும் இரண்டு திசையில் போனார்கள். அரசுப் பள்ளியில் எல்லோரும் ஒன்றாகத் தெரிய வேண்டும், மதச்சார்பின்மைக்கு அதுதான் பொருத்தம் என்று நீதிபதி ஹேமந்த் குப்தா எழுதினார். இது கடைசியில் அந்தப் பெண்ணின் விருப்பத்தைப் பொறுத்த விஷயம், அதற்கு மேலும் இல்லை கீழும் இல்லை என்று நீதிபதி சுதான்ஷு தூலியா எழுதினார். 1986-ல் கேரளத்துப் பிள்ளைகள் மூவர், தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் மத நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட வழக்கில், நீதிபதி சின்னப்ப ரெட்டி பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னதை தூலியா எடுத்துக்காட்டினார். இரண்டு தீர்ப்பும் மாறுபட்டதால் பெரிய ஆயத்துக்கு அனுப்புங்கள் என்று தலைமை நீதிபதியிடம் கட்டு போயிற்று.

இந்தச் சமயத்தில்தான் வீராம்பட்டினத்துக் கடற்கரையில் ஒரு சொல்தாவோடு பேச நேர்ந்தது. புதுச்சேரிக்கு வெளியே உள்ள வாசகர்களுக்குச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவித்து, பிரெஞ்சுப் பிரஜையாகி, பென்ஷன் வாங்கிக்கொண்டு இங்கே காலம் தள்ளும் பெரியவர்களைச் சொல்தா என்பார்கள். இவருக்கு மகன் பாரிஸில். பேத்தியும் அங்கேதான் படிக்கிறாள். தலையில் ஒரு துண்டை முண்டாசாகக் கட்டிக்கொண்டு, வலை உலர்த்துவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இன்னா தம்பி, நீ எழுதுற ஆளு. இதுகூடவா தெரியாது?" என்றார். "பள்ளிக்கூடம்னா எல்லாப் புள்ளையும் ஒண்ணு. சாமி பூதமெல்லாம் வாசல்லயே கழட்டி வெச்சிட்டு உள்ள போவணும். செருப்பு மாதிரி. எங்க பிரான்சுல அதான் சட்டம்."

சட்டம் அப்படித்தான் இருக்கிறது. 1989-ல் கிரெய் என்ற ஊரில் மூன்று மாணவிகளின் தலைத்துணியில் தொடங்கிய தகராறு, 15 வருஷம் இழுத்து, 2004 மார்ச் 15-ஆம் தேதி சட்டமாயிற்று. கர்நாடகத் தீர்ப்பும் மார்ச் 15 என்பது தற்செயல்தான். அரசுப் பள்ளிகளில் மதத்தைப் பளிச்சென்று காட்டும் எந்த அடையாளமும் கூடாது. முஸ்லிம் பெண்ணின் துணி, யூதப் பையனின் தொப்பி, பெரிய சிலுவை எல்லாம்தான். சட்டம் செய்தவர்கள் மனத்தில் சீக்கியர்கள் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் சீக்கியப் பையன்கள் சிலரும் தலைப்பாகையோடு வெளியே நிற்க நேர்ந்தது. 1914-லும் 1915-லும் அவர்களுடைய பாட்டன்மார்கள் அதே தலைப்பாகையோடு பிரான்சு மண்ணில் சண்டையிட்டுச் செத்தபோது, யாரும் அதைப் பளிச்சென்று இருக்கிறது என்று சொல்லவில்லை.

சொல்தாவின் பேச்சில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை நான் ஒதுக்கிவிடவில்லை. பிரெஞ்சுக்காரனுக்குப் பள்ளிக்கூடம் என்பது பாதிரியாரிடமிருந்து சண்டை போட்டுப் பிடுங்கிய இடம். அங்கே மறுபடி மதம் காலை வைத்தால் அவனுக்குப் பதறுகிறது. நம் பள்ளிக்கூடத்தின் சரித்திரம் வேறு. இங்கே பிள்ளைகளை வெளியே நிறுத்தியது பாதிரியார் அல்ல, ஜாதி. உள்ளே விடு என்பதுதான் நூறு வருஷமாக இங்கே நடந்த சண்டை. அதனால் கழற்றிவிட்டு வா என்ற சொல் பாரிஸில் ஒலிப்பது போல் அரியாங்குப்பத்தில் ஒலிப்பதில்லை.

ஆனால் அவர் செருப்பு என்றாரே, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. செருப்புக்காக இதே புதுச்சேரியில் ஒரு பெரிய வழக்கு நடந்திருக்கிறது. 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற தமிழ் வக்கீல், வெள்ளைக்காரர்கள் அணிவதைப் போன்ற பூட்சும் காலுறையுமாகக் கோர்ட்டுக்குள் நுழைந்தார். நீதிபதிக்கு ஆத்திரம் வந்தது. சுதேசி வக்கீல் சுதேசி முறைப்படி வெறுங்காலோடு வர வேண்டும் என்றார். பொன்னுத்தம்பி கழற்ற மறுத்தார். தண்டனை கிடைத்தது. அவர் விடவில்லை, பாரிஸில் உள்ள மேல் நீதிமன்றம் வரை போய் ஜெயித்து வந்தார். பிறகு 1881-ல், சொந்த ஜாதி மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொள்ள வழி செய்யும் ஆணை வந்தபோது, முன்வரிசையில் நின்று லபோர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள். அவர் பெயரில் புதுச்சேரியில் இன்றும் ஒரு வீதி உண்டு.

வெள்ளைக்காரனுக்கு மரியாதை என்றால் தொப்பியைக் கழற்றுவது. நமக்கு மரியாதை என்றால் செருப்பைக் கழற்றுவது. தலைப்பாகை தலையில்தான் இருக்கும். அந்த நீதிபதி, 'உன் வழக்கப்படி நட' என்று பொன்னுத்தம்பியை அதட்டினார். இன்றைய சட்டம், 'உன் வழக்கத்தை விட்டுவிடு' என்று ஒரு பெண்ணை அதட்டுகிறது. அன்றைய அதிகாரமும் இன்றைய அதிகாரமும் எதிரெதிராகப் பேசுவது போலத் தோன்றும். எனக்கு இரண்டும் ஒரே குரலாகக் கேட்கிறது. பொன்னுத்தம்பி பழைய வழக்கத்தை விட்டதற்காக ஜெயித்தாரா, தம் காலில் என்ன போட வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்ததற்காக ஜெயித்தாரா? இரண்டாவதுதான் என்பது என் அபிப்பிராயம். இதைச் சொல்தாவிடம் சொன்னேன். "அது கோர்ட்டு, இது பள்ளிக்கூடம்" என்று எழுந்து போய்விட்டார்.

தலையைத் தொடும் சர்க்கார் ஆணை என்றால் புதுச்சேரிக்காரர்கள் பொதுவாகவே முரண்டு பிடிப்பவர்கள். 2019 பிப்ரவரியில் அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியபோது, சட்டசபை உறுப்பினர்கள் தெருவில் நின்று ஹெல்மெட்டைப் போட்டு உடைத்தார்கள். முதலமைச்சர் நாராயணசாமி ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணாவில் உட்கார்ந்தார். மண்டை உடையாமல் இருக்கப் போடும் தொப்பிக்கே இந்தப் பாடு! (நான் ஹெல்மெட் கட்சி. உயிர் போனால் எந்தச் சுதந்திரமும் கூட வராது.)

இனி எதிர்ப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். துணியைப் போடுகிற பெண் தானாகப் போடுகிறாளா, வீட்டில் போட வைக்கிறார்களா? நேர்மையான கேள்வி. பாரதியார் புதுச்சேரியில் இருந்தபோது எழுதி 1917-ல் வந்த கண்ணன் பாட்டில், முகத்திரையைக் களையச் சொல்லி ஒரு பாட்டே இருக்கிறது. அதைப் பாடியவர் தலையில் எப்போதும் பெரிய முண்டாசு இருந்தது என்று சிலர் கிண்டல் செய்வார்கள். கிண்டலில் பொருளில்லை. முண்டாசை அவரே கட்டினார். அவிழ்க்க வேண்டுமென்றால் அவரே அவிழ்க்கலாம். எல்லாப் பெண்களுக்கும் அந்த வசதி உண்டா?

என் தகப்பனாரின் அத்தை ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்தாள். பதினாறு வயதில் தாலியறுத்தவள். அந்தக் காலத்து ஆசாரப்படி தலையை மழித்து முக்காடு போட்டுவிட்டார்கள். நான் பார்க்கும்போது அவளுக்கு எழுபதுக்கு மேல். என் சித்தப்பா கொஞ்சம் சீர்திருத்தக்காரர். ஒரு நாள் கூடத்தில் எல்லோர் முன்னாலும், "அத்தை, இனிமேல் அந்த நாவிதனைக் கூப்பிடக் கூடாது. முடி வளரட்டும். முக்காட்டை எடுத்துவிடுங்கள்" என்றார். நல்ல மனுஷர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அத்தைப் பாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அன்னிக்கு உங்க தாத்தா எடுக்கச் சொன்னார், எடுத்துண்டேன். இன்னிக்கு நீ வளக்கச் சொல்றே. ரெண்டு தடவையும் என் தலையைப் பத்தி முடிவு பண்றது ஆம்பளைதானேடா?"

முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். சாகும் வரை அவள் அதை எடுக்கவில்லை. பதினாறு வயதில் அவளுக்குச் செய்தது கொடுமை என்பதில் எனக்கு இம்மியளவும் சந்தேகமில்லை. ஆனால் அந்த முக்காட்டை அன்று சித்தப்பா கையால் பிடித்து இழுத்திருந்தால், அது இரண்டாவது கொடுமையாக இருந்திருக்கும்.

உலகத்தில் இப்படி இழுத்தவர்கள் இல்லாமலில்லை. ஈரானில் 1936-ல் ரேஸா ஷா, பெண்கள் முகத்திரையோடும் தலைத்துணியோடும் வெளியே வரக்கூடாது என்று ஆணை போட்டார். போலீஸ்காரர்கள் தெருவில் பிடுங்கினார்கள். 1979-ல் புரட்சி வந்தது. சில வருஷத்துக்குள் துணி இல்லாமல் வெளியே வந்தால் தண்டனை என்றாயிற்று. பாட்டியிடம் பிடுங்கினார்கள், பேத்திக்குக் கட்டிவிட்டார்கள். 1958-ல் அல்ஜியர்ஸில் பிரெஞ்சு ராணுவத்தின் ஏற்பாட்டில் பொதுச் சதுக்கத்தில் பெண்களின் திரையைக் களையும் சடங்கு நடந்தது. பெண் விடுதலையைப் பட்டாளம் நடத்தி வைப்பதை என்ன சொல்ல! 2022 செப்டம்பரில் நம் உச்ச நீதிமன்றத்தில் உடுப்பி வழக்கின் வாதம் நடந்துகொண்டிருந்த அதே வாரங்களில், துணியைச் சரியாகப் போடவில்லை என்று பிடித்துச் செல்லப்பட்ட மாஸா அமினி என்ற இருபத்திரண்டு வயதுப் பெண் தெஹ்ரானில் காவலில் இருந்தபோது இறந்துபோனாள். அங்கே பெண்கள் தெருவில் துணியைக் கொளுத்தினார்கள். இங்கே பெண்கள் துணியோடு உள்ளே விடு என்று கேட்டார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒன்றுக்கொன்று எதிரி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் அத்தைப் பாட்டி இருந்திருந்தால் அவளுக்கும் தோன்றியிராது.

நம் பக்கத்து முஸ்லிம் வீடுகளிலேயே பாருங்கள். காரைக்காலிலும் நாகூரிலும் பழைய தலைமுறைப் பெண்கள் வெளியே போனால் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு போவார்கள். கறுப்பு அங்கி பிற்பாடு வந்தது. வளைகுடா நாடுகளுக்குச் சம்பாதிக்கப் போனவர்களோடு வந்தது என்பார்கள். அப்படியானால் இது மாறாத வேத விதி என்று சாதிக்கிற மௌல்வியும் சரியில்லை, இது அரபுநாட்டுச் சதி என்று அலறுகிற அரசியல்வாதியும் சரியில்லை. உடை மாறிக்கொண்டேதான் இருக்கிறது. அரியாங்குப்பத்துக் கத்தோலிக்கப் பெண்கள் பூசைக்குப் போகும்போது முக்காடு போட்டார்கள். 1917-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம் அதை விதித்திருந்தது. 1983-ல் வந்த புதிய சட்டத்தில் அந்த விதி இல்லை. இப்போது போடுகிறவர்கள் போடுகிறார்கள், மற்றவர்கள் போடுவதில்லை. அதற்காக எந்த சர்க்காரும் மாதா கோயில் வாசலில் போலீஸை நிறுத்தவில்லை.

வீட்டுக் கட்டாயத்தை உடைக்கிற ஆயுதம் ஒன்றுதான் எனக்குத் தெரிந்து இருக்கிறது, அது படிப்பு. துவரங்குறிச்சியில் பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டுக்குள் வைக்கப்பட்ட ஒரு பெண்தான், பிற்காலத்தில் சல்மா என்ற பெயரில் கவிதைகளும், 'இரண்டாம் ஜாமங்களின் கதை' என்ற நாவலும் எழுதினார். அவர் நாவலைப் படித்தவர்களுக்கு அந்த வீடுகளின் ஜன்னல் எவ்வளவு சிறியது என்று தெரியும். அன்று வீடு அவரை நிறுத்தியது. இன்று வீடு, துணியோடாவது போ என்று அனுப்புகிறது. பள்ளிக்கூடம் வாசலில் நிறுத்துகிறது. நிறுத்தியவர் யாரானால் என்ன, பெண் அடுப்படிக்குத்தானே திரும்பிப் போகிறாள்? இதை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மற்ற வாதங்களெல்லாம் இதற்குப் பிறகுதான்.

முகத்தையே மூடிக்கொள்வது வேறு விஷயம். ஆசிரியைக்கு மாணவியின் முகம் தெரிய வேண்டும்; பரீட்சைக்கு வந்தவள் இன்னார் என்று தெரிய வேண்டும். அங்கே கேட்பதில் நியாயம் உண்டு. ஏழு வயதுக் குழந்தைக்குத் துணி கட்டி அனுப்புகிற தகப்பனிடமும் எனக்குச் சண்டை உண்டு. ஆனால் அது தகப்பனோடு போட வேண்டிய சண்டை, குழந்தையை வெளியே நிறுத்திப் போடுவதல்ல.

புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாளை எனக்குத் தெரியும். இதைப் பற்றி அவரிடம் கேட்டேன். சிரித்தார். "கார்த்திகை மாசம் வந்தா பாதிப் பையன்கள் கறுப்பு வேட்டி, ஐயப்பன் மாலை, காலில் செருப்பில்லாமல் வருவான்கள். திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்த பெண்கள் பூ முடிக்கிற வரைக்கும் தலையில் துணி கட்டிக்கொண்டு வருவார்கள். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு நாலு பேர். நான் எந்தத் தலையைப் பார்ப்பது?"

"முஸ்லிம் பெண்கள்?"

"ஒருத்தி எட்டாம் வகுப்பில் துணியில்லாமல் இருந்தாள். ஒன்பதாவதில் போட ஆரம்பித்திருக்கிறாள். எனக்கு அது மூணு மாசம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. பட்ட அன்றைக்கு, அரைப் பரீட்சையில் ஏன் மார்க் குறைந்தது என்று கேட்டேன். அல்ஜீப்ரா புரியவில்லை என்றாள். சாயங்காலம் அரை மணி இருக்கச் சொன்னேன்."